பெரியண்ணன் காலுக்குள் இருந்த கழகச் சொத்து

பெரியண்ணன் சைக்கிளிலிருந்து விழுந்த அன்று கைப்பிடியில் ஒரு பூசணிக்காய் தொங்கிக்கொண்டிருந்தது. குறிஞ்சிப்பாடிச் சந்தையில் வாங்கியது. நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் நுழைந்து பிளாக் திருப்பத்துக்கு வந்தபோது, சாலையைத் தனக்காகவே போட்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில் ஓர் எருமை நடுவில் படுத்திருந்தது. பெரியண்ணன் அதைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார். பூசணிக்காய் நேராகப் போகப் பார்த்தது. எருமைக்கும் பூசணிக்காய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. பெரியண்ணனுக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது.

முறிந்த நேரம் சரியில்லை. பெரியண்ணன் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். நிலக்கரி ஓடும் பெல்ட்டின் ஓரத்தில் சிந்துவதை அள்ளிப் போடுகிற வேலை. அடுத்த வருஷக் கடைசியில் சிலரை பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அதற்கு ஒரு பரீட்சை உண்டு: டாக்டர் பார்த்துக்கொண்டிருக்க, உயரமான இரும்பு ஏணியில் ஏறி இறங்க வேண்டும். பெர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் குழாயைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். பெரியண்ணனின் மனைவி வீரம்மாள் அந்தக் குழாயை மனசுக்குள் ஏற்கெனவே திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

எலும்பு டாக்டர் சிவப்பிரகாசம் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாவுக் கட்டு மட்டும் போட்டா கோணலாச் சேரும். உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு வெச்சு, திருகாணி போட்டு முடுக்கணும். ஒரு வருஷத்துல எலும்பு கூடிடும். அப்புறம் தகட்டை எடுத்துடலாம்."

"அப்டின்னா எவர்சில்வருங்களா?" என்றாள் வீரம்மாள்.

"அதேதான்."

வீரம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "வூட்ல ஒரு டம்ளருகூட எவர்சில்வர்ல இல்ல. உன் காலுக்குள்ள வாங்கிப் போட்டுக்கினு வரப் போற."

ஆனால் தகட்டை டாக்டர் நேராக எடுத்து வைத்துவிட முடியாது. அதற்கென்று ஒரு நிறுவனம் இருந்தது. அதன் பெயர் மனித உடல் உலோக மேற்பரப்பு மேன்மைக் கழகம். மந்தாரக்குப்பம் சாலையில், முன்பு நெல் மண்டியாக இருந்த கட்டடத்தில் நடந்தது. பெயரை முழுதாகச் சொல்ல யாருக்கும் மூச்சுப் போதவில்லை. ஜனங்கள் பாலீஷ் ஆபீஸ் என்றார்கள். உடம்புக்குள் வைக்கும் தகடுகளை வெளிநாட்டிலிருந்து வாங்காமல், இங்கேயே செய்து, மேற்பரப்பை மேம்படுத்தித் தருவது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். நோக்கத்தை நிறைவேற்ற இரண்டு ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் பாலீஷ் போட்டார்கள். மற்ற எல்லோரும் பாலீஷை மதிப்பிட்டார்கள்.

சுற்று வட்டாரத்தில் கழகத்தின் தகடு தவிர வேறு தகட்டை எவர் உடம்பிலும் வைக்கக் கூடாது, வைத்த தகட்டைக் கழகத்தின் அனுமதியின்றி எடுக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. எழுதியவர் கழகத்தின் இயக்குநர் டாக்டர் குஞ்சிதபாதம். அவர் உலோகத்துக்கு டாக்டர், மனிதர்களுக்கு இல்லை. வழவழவென்ற எதையும் அவருக்குப் பிடிக்கும். அவருடைய அறையில் மேஜை, நாற்காலி, கதவுக் குமிழ் எல்லாம் மின்னும். ஒவ்வொரு தகட்டையும் அவரே சோதிப்பார். முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தலை சீவுவார். வகிடு நேராக வந்தால் தகடு தேறிற்று. சீவ வேண்டிய முடி அதிகம் இல்லாததால் சோதனை சீக்கிரம் முடிந்துவிடும்.

சிவப்பிரகாசம் அவரிடம் போய் ஒரு விஷயம் கேட்டார். "சார், பாலீஷ் போட்டப்புறம் தகட்டை நைட்ரிக் ஆசிட்ல ஊற வெக்கறீங்களா?"

"எதற்கு?"

"ஸ்டீல் மேல கண்ணுக்குத் தெரியாத மெல்லிசா ஒரு தோல் மாதிரி தானா உண்டாகும். அதுதான் துரு பிடிக்காமக் காப்பாத்துது. மெஷின்ல தேய்க்கும்போது இரும்புத் தூள் ஒட்டிக்கினா அந்த இடத்துல தோல் சரியா வராது. ஆசிட்ல ஊற வெச்சா தூள் கரைஞ்சு போயிடும். உடம்புக்குள்ள உப்புத் தண்ணி சார். தோல் இல்லாத இடத்தைச் சும்மா விடாது."

குஞ்சிதபாதம் பொறுமையாகக் கேட்டார். "அந்தத் தோல் கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"ஆசிடில் ஊறினால் பளபளப்பு கூடுமா?"

"கூடாது. லேசா மங்கினாலும் மங்கும்."

"டாக்டர், நான் ஒரு பொது நிறுவனத்தை நடத்துகிறேன். கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றத்தை நான் யாரிடம் காட்டுவது?"

உண்மையில் கழகத்தில் ஆசிட் இருந்தது. ஒரு பெரிய பாட்டிலில் வந்து இறங்கியிருந்தது. பாட்டிலில் வந்ததால் அதைக் கண்ணாடிப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். தகடுகள் உலோகப் பிரிவில் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு தாழ்வாரமும், இயக்குநரின் கையெழுத்தும் இருந்தன.

ஆக, நன்றாக மின்னுகிற ஒரு தகடு பெரியண்ணனின் காலுக்குள் போயிற்று. கழகத்திலிருந்து ஒரு மனித உடம்புக்குள் போன முதல் தகடு அது. எலும்பு ஒழுங்காகக் கூடியது. சிவப்பிரகாசத்தின் கை அப்படி. மழைக்காலம் முடிவதற்குள் பெரியண்ணன் ஊன்றுகோலை விட்டுவிட்டு நடந்தார். அதன் பிறகு அரிக்க ஆரம்பித்தது. வெளியே சொறிந்தால் அடங்காத அரிப்பு. பிறகு அந்த இடம் சிவந்தது, தொட்டால் சுட்டது. ஏணியில் ஒரு படி ஏறினால் இரண்டாவது படியைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது.

"எடுத்துடணும்," என்றார் சிவப்பிரகாசம். "எலும்பு கூடியாச்சு. இனிமே அதுக்கு உள்ள வேலையே இல்ல. பாலீஷ் ஆபீஸ்ல ஒரு மனு குடுத்துட்டு வாங்க."

மனுக்களை வாங்குபவர் உதவி அதிகாரி பன்னீர்செல்வம். ஒல்லியான, மரியாதையான மனிதர். யாரையும் உட்காரச் சொல்லாமல் அனுப்ப மாட்டார். உட்கார்ந்தவரை எழுந்திருக்கச் சொல்லவும் மாட்டார். மனுவைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"'என் காலில் உள்ள தகடு'ன்னு எழுதியிருக்கீங்க. இது தப்பு."

"இன்னாங்க தப்பு? கால்லதான இருக்குது."

"தகடு கழகச் சொத்து. சொத்து உங்க கால்ல இல்ல. உங்க காலுதான் சொத்தைச் சுத்தி இருக்கு. அப்படி எழுதிக்கினு வாங்க."

பெரியண்ணன் கொஞ்ச நேரம் தம் காலைப் பார்த்தார். "அப்ப என் காலு யாரு சொத்துங்க?"

"அது எங்க செக்ஷன்ல வராது," என்றார் பன்னீர்செல்வம்.

மாற்றி எழுதிக் கொண்டுபோனார். 'கழகத்தின் தகட்டைச் சுற்றியுள்ள என் கால் வலிக்கிறது' என்ற வாசகத்தில் இலக்கணம் சரியாக இருப்பதாகப் பன்னீர்செல்வம் பாராட்டினார். ஆனால் தகட்டின் மேற்பரப்பு இன்னும் ஆய்வில் இருப்பதால் இப்போது எடுக்க முடியாது என்றார். உடம்புக்குள் தகடு எப்படி இருக்கிறது என்று ஆராய வேண்டும். ஆராய வேண்டுமென்றால் அது உடம்புக்குள் இருக்க வேண்டும். எடுத்துவிட்டால் ஆராய என்ன இருக்கிறது?

"எப்பங்க ஆராயிவீங்க?"

"கருவி வரணும்."

"எப்ப வரும்?"

"எந்தக் கருவின்னு முடிவானதும்."

பெரியண்ணன் வீட்டுக்கு வந்து இதை வீரம்மாளிடம் சொன்னார். பாதி சொல்லும்போதே அவருக்கு அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதுபோலத் தோன்றிவிட்டது. "அவுங்க சொல்றதும் ஒரு வகையில சரிதாம்மே. எடுத்துட்டா எப்பிடி ஆராயிறது?"

"உனக்குக் கால்லதான் அடிபட்டுச்சுன்னு நெனச்சிகினு இருந்தன்," என்றாள் வீரம்மாள்.

அந்த மாசமே கழகத்துக்கு ஆண்டு விழா வந்தது. சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். காட்டுவதற்குக் கழகத்திடம் இருந்தது ஒரே சாதனை, அதுவும் பெரியண்ணனின் காலுக்குள் இருந்தது. எனவே ஜீப் அனுப்பி அவரை அழைத்துப் போனார்கள். ஒரு மேஜைமேல் வெல்வெட் துணி விரித்து, வலது காலை அதன்மேல் நீட்டி வைத்து உட்காரச் சொன்னார்கள். இயக்குநர் வந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"பன்னீர்செல்வம், கால் மங்கலாக இருக்கிறதே."

"சார், தகடு உள்ளே இருக்குங்க சார். பளபளன்னுதான் இருக்கும்."

"விருந்தினர் எதைப் பார்ப்பார்? மேற்பரப்பைத்தானே பார்ப்பார்?"

தேங்காய் எண்ணெய் வந்தது. பாலீஷ் போடுகிற இரண்டு ஆட்களும் வந்து, பழக்கப்பட்ட கையால், முழங்காலிலிருந்து கணுக்கால்வரை ஒரே திசையில் தேய்த்தார்கள். சிவந்த இடத்தில் கை பட்டபோது பெரியண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் இத்தனை படித்தவர்கள் தம் கால்மேல் இவ்வளவு அக்கறை காட்டுவதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. விருந்தினர் வந்து காலுக்கு மாலை போட்டார். பெரியண்ணனுக்கு மாலை இல்லை; பட்டியலில் கால் மட்டும்தான் இருந்தது.

குஞ்சிதபாதம் மேடையேறிப் பேசினார். "இங்கே நீங்கள் காண்பது ஒரு தொழிலாளியின் கால் என்று எண்ணிவிடக் கூடாது. இது எங்கள் கழகத்தின் கிளை நிலையம். வலிக்கிறது என்று அவர் சொல்வதாகக் கேள்வி. வலி என்பது உள்ளே இருப்பது. எங்கள் கழகம் மேற்பரப்புக் கழகம். உள்ளே இருப்பதைக் கவனிக்க அரசாங்கம் தனியே ஒரு கழகம் அமைக்குமானால் அதை நாங்கள் மனமார வரவேற்போம். அதற்கும் ஓர் இயக்குநர் தேவைப்படுவார்."

பலத்த கைதட்டல். பெரியண்ணனும் தட்டினார்.

அன்று ராத்திரி அவருக்குக் காய்ச்சல் வந்தது. விடிந்ததும் வீரம்மாள் ஆஸ்பத்திரியில் சிவப்பிரகாசத்தின் அறை வாசலில் நின்றாள்.

"டாக்டரு, நீங்களே எடுத்துடுங்க. பாலீஷ் ஆபீஸ்காரன் வந்து கேட்டான்னா நான் பதில் சொல்லிக்கறன்."

"என்னம்மா சொல்லுவீங்க?"

"எங்க வூட்டுக்காரரு காலுங்க அது. உள்ள இன்னா இருக்குன்னு பாத்து வெக்க வேண்டியது நானு. சொல்லிக்கறன்."

சிவப்பிரகாசம் சுற்றறிக்கையை நினைத்துப் பார்த்தார். அதை மீறினால் விளக்கம் கேட்பார்கள். விளக்கம் சொன்னால், விளக்கத்துக்கு விளக்கம் கேட்பார்கள். இந்தப் பெண்ணிடம் அப்படி எதுவும் சொல்லித் தப்பிக்க முடியாது என்பதும் தெரிந்தது. காய்ச்சல்காரரின் சிவந்த காலையும் நினைத்துப் பார்த்தார். "கூட்டிக்கிட்டு வாங்க," என்றார்.

தகடு வெளியே வந்தது. மேல் பக்கம் இன்னும் முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. எலும்பைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பக்கத்தில், திருகாணித் துளைகளைச் சுற்றி, பழுப்புப் பழுப்பாகத் துருப் புள்ளிகள். இயக்குநர் தலை சீவாத பக்கம். சிவப்பிரகாசம் அதை ஒரு சீசாவில் போட்டு, ஆசிடில் ஊற வைக்காததுதான் காரணம் என்று தெளிவாக எழுதி, கழகத்துக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் சீசா திரும்பி வந்தது. பன்னீர்செல்வம் பணிவோடு எழுதியிருந்தார்: கழகத்தின் தகடு பெரியண்ணன் என்பவரின் காலுக்குள் இருக்கிறது, அதை எடுக்க அனுமதி வழங்கப்படவில்லை, எனவே அது அங்கேதான் இருக்கிறது, தாங்கள் அனுப்பிய தகடு யாருடையது என்று தெரியவில்லை, உரியவரிடம் சேர்க்கவும்.

சிவப்பிரகாசம் வெகு நேரம் சிரித்தார். பிறகு தகட்டை உரியவளிடம் சேர்த்தார். வீரம்மாள் அதை நன்றாகக் கொதிக்க வைத்து, துளைகளில் கம்பி வளைத்துக் கோத்து, அடுப்பங்கரைச் சுவரில் அடித்துக் கரண்டி மாட்டிக்கொண்டாள். பக்கத்துக் கொட்டகைப் பெண்கள் வந்து பார்த்து, எவர்சில்வர்தான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

கால் ஆறியது. காய்ச்சல் போயிற்று, அரிப்புப் போயிற்று. பெரியண்ணன் மெதுவாக நடந்து, பிறகு வேகமாக நடந்து, பிறகு வீட்டுக் கூரையில் ஏறி ஓட்டையெல்லாம் அடைத்தார். பன்னீர்செல்வம் மட்டும் ஆய்வுக்காகத் தவறாமல் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.

"அரிப்பு இருக்கா?"

"இல்லீங்க. அதான் தகட்டையே எடுத்தாச்சுங்களே."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வீக்கம்?"

"இல்லீங்க. அதோ பாருங்க, கரண்டி மாட்டியிருக்குது."

பன்னீர்செல்வம் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் பார்த்ததாகிவிடும். பார்த்தால் எழுத வேண்டும். அவருக்கும் குடும்பம் இருந்தது. "வலி?" என்று கேட்டார்.

"சுத்தமா இல்லீங்க."

இந்தப் பதில்களை வைத்துக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தகடு தொடக்கத்தில் சிறிது தொந்தரவு கொடுத்தாலும், நாளாக ஆக அதன் மேற்பரப்பு உடம்புக்குள்ளேயே தானாக மேம்பட்டு, இன்று நோயாளி அது இருப்பதையே மறந்துவிட்டார் என்று அதில் கண்டிருந்தது. அறிக்கை டெல்லிவரை போயிற்று. டெல்லியிலிருந்து ஒருவர் நேரில் பார்க்க வருவதாகத் தந்தி வந்தது.

இதற்குள் பெர்மனென்ட் ஆகிறவர்களின் பட்டியலில் பெரியண்ணன் பெயர் வந்துவிட்டது. ஏணிப் பரீட்சைக்கு முன்னால் ஒரே ஒரு காகிதம் கேட்டார்கள்: காலுக்குள் தகடு வைத்தவர் என்பதால், பாலீஷ் ஆபீஸிலிருந்து ஒரு தகுதிச் சான்று. பெரியண்ணன் போய்க் கேட்டார். டெல்லிக்காரர் வருகிற அன்று வந்து மேடையில் நின்றால், அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருவதாகக் குஞ்சிதபாதம் வாக்களித்தார்.

"அங்க வந்து ஒண்ணும் சொல்லிடாத," என்று வீரம்மாள் எச்சரித்து அனுப்பினாள். "கேட்டா மட்டும் உண்மையச் சொல்லு. கேக்க மாட்டாங்க."

விழாவில் இந்த முறை காலோடு எக்ஸ்ரே படமும் வைத்திருந்தார்கள். அன்று காலைதான் புதிதாக எடுத்தது. யாரும் அதை முன்கூட்டிப் பார்க்கவில்லை. உறையே அவ்வளவு பளபளப்பாக இருந்தது. டெல்லி விருந்தினர் கையில் வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்தார். எலும்பு தெரிந்தது, கூடிய இடம் தெரிந்தது. தகடு தெரியவில்லை. அவர் படத்தைத் திருப்பிப் பிடித்தார். திருப்பியும் தெரியவில்லை.

"தகடு எங்கே?" என்றார்.

பன்னீர்செல்வம் மின்விசிறியைப் பார்த்தார். பெரியண்ணன் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். குஞ்சிதபாதம் படத்தை வாங்கிப் பார்த்தார். அவருடைய முகத்தில் முதலில் ஒரு குழப்பம் ஓடியது. அப்புறம் மெல்ல மெல்ல வெளிச்சம் வந்தது. ஒரு மனிதர் தாம் சொல்லப்போவதைத் தாமே நம்ப ஆரம்பிக்கும்போது வருகிற வெளிச்சம்.

"ஐயா கேட்ட கேள்வியே எங்கள் வெற்றி," என்றார். "சாதாரணத் தகடு எக்ஸ்ரேயில் தெரியும். ஏன் தெரிகிறது? கரடுமுரடாக இருப்பதால் கதிர் அதில் தட்டுகிறது. எங்கள் மேற்பரப்பில் கதிர் வழுக்கிவிட்டது. நான் உலக நாடுகளின் தகடுகளையெல்லாம் படத்தில் பார்த்திருக்கிறேன். எல்லாம் தெரிந்தன. தெரியாத முதல் தகடு இதுதான்."

கைதட்டல் எழுந்து அடங்கவே இல்லை. விருந்தினர் பெரியண்ணனிடம் குனிந்து, "தகடு இருப்பது உங்களுக்குத் தெரிகிறதா?" என்று இந்தியில் கேட்டார். பன்னீர்செல்வம் தமிழில் கேட்டார்.

"இல்லீங்க," என்றார் பெரியண்ணன். அது உண்மைதான்.

விருந்தினர் அங்கேயே கழகத்துக்குப் புதுக் கட்டடம் அறிவித்தார். குஞ்சிதபாதம் அந்த மகிழ்ச்சியில் பெரியண்ணனின் சான்றில் கையெழுத்துப் போட்டார்: இவர் காலிலுள்ள தகடு, இருப்பதாகவே தெரியாத அளவு மேன்மை அடைந்திருப்பதால், இவர் எந்த ஏணியிலும் ஏறலாம். பிறகு விருந்தினரை வழியனுப்ப, கைகூப்பி, முதுகு காட்டாமல் பின்னுக்கு நடந்தபடியே, நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டு போனார். மூன்றாவது நன்றிக்கு முன்னாலேயே மேடை முடிந்துவிட்டது.

வலது கால். முழங்காலுக்குக் கீழே.

பெரியண்ணனும் பாலீஷ் ஆட்கள் இருவரும்தான் அவரைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் சிவப்பிரகாசம் படத்தை விளக்கில் மாட்டினார். "தகடு வெக்கணும் சார்," என்றார்.

குஞ்சிதபாதம் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர், வெளிநாட்டுத் தகடு ஏதாவது கைவசம்..."

"ரெண்டு இருக்கு சார். ஆனா சுற்றறிக்கை இருக்குதே. உங்க தகட்டைத்தான் வெக்கணும்."

இயக்குநர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஆசிட் விஷயம் சொன்னீர்களே. கண்ணுக்குத் தெரியாத தோல். அது நிஜமாகவே உண்டா?"

"உண்டு சார். ஆசிட் பாட்டில் கண்ணாடிப் பிரிவுல இருக்கு. உலோகப் பிரிவுக்கு மாத்த உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

படுத்தபடியே போட்டார். எத்தனையோ மாசமாகத் தாழ்வாரத்தைத் தாண்டாத பாட்டில் அரை மணி நேரத்தில் தாண்டியது. தகட்டை இரண்டு பக்கமும் கழுவி, ஆசிடில் ஊற வைத்து, மறுபடியும் கழுவி எடுத்தார்கள். மங்கலாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துத் தலை சீவ முடியாது. குஞ்சிதபாதம் அன்று அதைக் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு கழகத்திலிருந்து வந்த தகடுகள் எல்லாம் அப்படி மங்கலாகத்தான் வந்தன. யாருக்கும் அரிக்கவில்லை.

பெரியண்ணன் ஏணியில் ஏறி இறங்கினார். கீழே நின்ற டாக்டர் போதும் என்று சொன்ன பிறகும் இன்னொரு முறை ஏறி இறங்கினார். பெர்மனென்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வீரம்மாள் முதல் நாள் முழுக்கக் குழாயைத் திறந்து திறந்து பார்த்தாள்.

ஒரு நாள் இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் வழியில் அவர் குஞ்சிதபாதத்தைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். வீரம்மாள் அதிரசம் கட்டிக் கொடுத்திருந்தாள். கட்டில் பக்கத்தில் பன்னீர்செல்வம் நின்றுகொண்டிருந்தார்.

"உட்காருங்கள், பெரியண்ணன்," என்றார் இயக்குநர். இதற்கு முன்னால் அவர் பெரியண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ராத்திரியில் அரிக்குமா?"

"உங்களுது ஆசிட்ல ஊறின தகடுங்க. அரிக்காதுங்க. ஒரு வருஷம் போனா டாக்டரு எடுத்துடுவாரு. எடுத்துட்டா காலு பஞ்சு மாதிரி இருக்கும் சார்."

"எடுப்பதற்கு..." குஞ்சிதபாதம் தயங்கினார். "அதற்கு யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும்?"

"உங்ககிட்டதாங்க."

இயக்குநர் பன்னீர்செல்வத்தைப் பார்த்தார். பன்னீர்செல்வம் பணிவாகக் குனிந்தார். "அதுல ஒரு சிக்கல் இருக்குங்க சார். மனுதாரரும் அனுமதிக்கிற அதிகாரியும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு விதி."

"அதை எவன் எழுதியது?"

பன்னீர்செல்வம் பையிலிருந்து விதித் தாளை எடுத்து, அடியிலிருந்த கையெழுத்தைப் பணிவோடு காட்டினார். இயக்குநரின் கையெழுத்துதான். வெளியே ஷிப்டு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பெரியண்ணன் அதிரசப் பொட்டலத்தைப் பிரித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"வர்றனுங்க சார். மனுவுல, தகடு என் கால்ல இருக்குதுன்னு மட்டும் எழுதிடாதீங்க. திருப்பி அனுப்பிடுவாங்க," என்று நல்ல மனசோடு சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார்.